முருகானந்தத்தின் ரூட் செல்லர்

முருகானந்தம் சோபாவில் உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. சோபாவில் வெங்காயம் உட்கார்ந்திருந்தது.

சோபாவில் மட்டுமா? டி.வி.க்கு முன்னால் ஆறு மூட்டை, பீரோவை ஒட்டி நாலு, சாமி அறை வாசலில் ரெண்டு. பங்குனியில் எடுத்த சின்ன வெங்காயம். ஆடிப் பட்டத்துக்கு விதைக்கென்று நிறுத்தி வைத்தது. இது கெட்டுப் போனால் ஆடியில் ரெண்டு ஏக்கரும் தரிசாகத்தான் கிடக்கும். விருந்தாளிகள் வாசலோடு நலம் விசாரித்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள்.

“ஏனுங்க, ஊரே போடற மாதிரி வெளிய ஒரு பட்டறை போட்டு வெச்சிருங்க. காத்தாடக் கெடக்கும்” என்றாள் கலைமணி.

பட்டறை என்பது கல் மேல் மூங்கில் பரப்பி, வெங்காயத்தைக் கொட்டி, மேலே கீற்று மூடுகிற பழைய ஏற்பாடு. அதில் ஒரு குறையும் இல்லை. கலைமணி சொன்னாள் என்பதுதான் குறை.

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில், மனைவி வேண்டாம் என்றால் செய்வதும், செய்யுங்கள் என்றால் விடுவதும் முருகானந்தத்தின் வழக்கம். பாதி நேரம் அது சரியாகவும் அமைந்துவிட்டதால் தன் மூளையின் மேல் அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. அவள் பசு மாடு கேட்டாள், வாங்கவில்லை. வாசலுக்கு டைல்ஸ் கேட்டாள், போடவில்லை. தை மாதம் ஏதோ மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்து காளான் வளர்க்கக் கொட்டகை கேட்டாள். மழை பெய்தால் தானாக முளைப்பதற்குக் கொட்டகையா என்று அவர் சிரித்ததோடு அந்தப் பேச்சு முடிந்தது. சமையல்கட்டுக்கு ஜன்னல் கேட்டது இன்னும் நிலுவையில் இருக்கிறது.

அன்று மத்தியானம் கலைமணியின் போனில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்தில் தாடிக்காரர் ஒருவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டைக் குடைந்து அறை கட்டியிருந்தார். கதவைத் திறந்தால் உள்ளே உருளைக்கிழங்கும் கேரட்டும் மாசக்கணக்காக வாடாமல் தூங்கிக்கொண்டிருந்தன.

“இதுக்குப் பேரு ரூட் செல்லராமுங்க. கெழங்கு வெக்கற குழி ரூம்பு” என்றாள் கலைமணி. “இதெல்லாம் வெள்ளக்காரனுக்குத்தான் ஆவும். நம்ம பொடக்காலியும் இப்படித்தான் சரிவாக் கெடக்குதுன்னு நீங்க எதையும் வெட்டிப் போடாதீங்க.”

முருகானந்தம் எழுந்து புழக்கடைக்குப் போனார். பனமரத்துப்பட்டிக்குப் பக்கத்தில், கரடு என்று சொல்கிற சின்னக் குன்றின் அடியில் இருந்தது வீடு. புழக்கடை அப்படியே சரிவாகக் கரட்டில் ஏறியது. இத்தனை நாள் குப்பை கொட்ட மட்டும் பயன்பட்ட சரிவு, அன்றைக்கு அவர் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிந்தது. போர்வெல் வண்டியில் டிரில்லராக இருபது வருஷம் ராஜஸ்தான் வரைக்கும் போய்ப் பூமியை ஆயிரம் அடி துளைத்தவர் அவர். ஆறடிக்கு யாரைக் கேட்க வேண்டும்?

மறுநாள் கொத்தனார் சென்றாயன் வந்தார். ரூட் செல்லர் கட்ட வேண்டும் என்றதும் அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“ஏனுங்கண்ணா, பஸ் ரூட்டை விக்கப் போறீங்களா?”

முருகானந்தம் வீடியோவைக் காட்டினார். சென்றாயன் கடைசி வரை பார்த்துவிட்டு, அந்தத் தாடிக்காரர் ஏன் ஸ்வெட்டர் போட்டிருக்கிறார் என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியை அப்போதே யாராவது மதித்திருக்கலாம்.

அளவு பேசும்போது கலைமணி டீயோடு வந்தாள். “சின்னதா பத்துக்குப் பத்து போதுங்க. பதினாறுக்குப் பத்தெல்லாம் நமக்கு எதுக்கு?”

பதினாறு என்ற எண் அதுவரை அவர் மனதில் இல்லை. அப்போது வந்துவிட்டது.

“தரைக்குச் சிமெண்டு ஊத்திருங்க. மணலைக் கொட்டி வெச்சா பூச்சி பொட்டு அண்டும்” என்றும் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். சாயங்காலம் ஒரு டிராக்டர் மணல் வந்து இறங்கியது.

பன்னிரண்டு நாளில் வேலை முடிந்தது. சரிவைக் குடைந்து மூன்று பக்கம் சுவர், முன்னால் கதவு, மேலே தகரம். மூட்டைகள் குடிபோயின. முருகானந்தம் சோபாவில் காலை நீட்டிப் படுத்து, தாடிக்காரருக்குச் சமமான ஒரு திருப்தியோடு தூங்கினார்.

எட்டாம் நாள் போய்ப் பார்த்தால், மூட்டைகளின் கண் வழியே பச்சைப் பச்சையாக ஏதோ எட்டிப் பார்த்தது. வெங்காயம் முளை விட்டிருந்தது.

சூடுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். தாடிக்காரருக்கு வெளியே பனி, இவருக்கு வெளியே சித்திரை. குளிர்ச்சி பண்ண வேண்டும்.

“என்ன வேணாப் பண்ணுங்க, ஈரம் மட்டும் காட்டிறாதீங்க” என்று பதறினாள் கலைமணி. “ஈரச் சாக்கைக் கீக்கைச் சுத்தித் தொங்க விட்டீங்கன்னா எல்லாம் போச்சு.”

ஈரச் சாக்கு. அதுவும் அவருக்குத் தோன்றாமல் போயிருந்தது. நாலு பக்கமும் சாக்கு தொங்கியது, மணலுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கப்பட்டது. உள்ளே போனால் ஏரிக்கரையில் நிற்கிற சுகம். மழைக்காலம் வந்துவிட்டது என்று நம்பி, அதுவரை சும்மா இருந்த வெங்காயமும் முளைத்தது. முளைக்காதது அழுகியது.

அழுகலைப் பொறுக்கி எடுக்கலாம் என்றால் உள்ளே கும்மிருட்டு. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பொறுக்கியதில் நல்லது வெளியே போய்க் கெட்டது உள்ளே தங்கியது.

“ஒரு பல்பு மாட்டுனாப் போதுங்க” என்றாள் கலைமணி. “தகரத்தைக் கழட்டித் தார்ப்பாய் கட்டறேன்னு ஆரம்பிக்காதீங்க. அப்படியே கட்டுனாலும் பச்சை கட்டுங்க. நீலம் கண்ணக் கூசும்.”

மறுநாளே சேலத்திலிருந்து நீலத் தார்ப்பாய் வந்தது.

அந்த நீல வெளிச்சத்தில் முருகானந்தம் எல்லாவற்றையும் தெளிவாகப் பார்த்தார். மூட்டைக்கு அடியில் வெள்ளை வேர்கள் சாக்கைத் துளைத்து மணலுக்குள் இறங்கியிருந்தன. பாதிக்குப் பாதி போய்விட்டது. அவர் அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார். ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் கண்டவனுக்குச் சொந்த வீட்டு வெங்காயத்தைக் காப்பாற்றத் தெரியவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சென்றாயன் வந்து அரை நாளில் பட்டறை போட்டார். நல்ல வெங்காயம் அதற்குப் போனது. ஒரு ஏக்கருக்கு விதை தேறும். முளைத்ததைக் கிணற்றோரம் ஊன்றினார்கள், வெங்காயத்தாளுக்காவது ஆகட்டும் என்று. நான்தான் அப்போதே சொன்னேனே என்று கலைமணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள். அது அவரை உருக்கிவிட்டது.

“அந்தக் குழிய மண்ணைத் தள்ளி மூடிருங்க” என்றாள். “இனி அது எதுக்கும் ஆவாது. காளானுக்குக் கூட ஆவாது.”

முருகானந்தம் தோசையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “ஏம்புள்ள ஆவாது? நான் கட்டுனது எதுக்கும் ஆவாதா? நாளைக்கே போடு. நான் பாக்கறேன்.”

போட்டாள். ஆறு வாரத்தில் நீலக் கூரைக்கு அடியில், தொங்கும் ஈரச் சாக்குகளுக்கு நடுவே, பால் காளான் கொத்துக் கொத்தாக வெள்ளை வெளேரென்று எழும்பி நின்றது. முருகானந்தம் மிளகு போட்டு வறுத்த காளானை மூன்று வேளை சாப்பிட்டார். டீக்கடையில் ரூட் செல்லர் பற்றி விளக்கினார். ஆடி பிறந்து ஒரு ஏக்கரில் வெங்காயமும் ஊன்றியாகிவிட்டது. மீதி ஒரு ஏக்கரைப் பற்றி அவர் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. சமையல்கட்டுக்கு ஜன்னலே வைத்துவிடலாமா என்று கூட ஒரு நிமிஷம் நினைத்தார்.

அடுத்த போகத்துக்குக் காளான் விதைப் பாக்கெட்டுகளோடு அகல்யா வந்தாள். தையில் நடந்த பயிற்சியில் பாடம் எடுத்த பெண் இவள்தான் என்று கலைமணி அறிமுகப்படுத்தினாள். முருகானந்தத்துக்குக் கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம். அவளைக் குழிக்குள் அழைத்துப் போய் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

“பதினாறுக்குப் பத்து. மணல் தரை. ஈரச் சாக்கு. மேல நீலத் தார்ப்பாய். எல்லாம் நம்ம சொந்த மூளைம்மா. ஊட்டுல வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னா. நான் கேக்கல.”

வாசலில் டீ டம்ளரோடு நின்ற கலைமணிக்குத் திடீரென்று புரை ஏறியது. அகல்யா சுவரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

“அக்கா பயிற்சியில நோட்டுல வரைஞ்சு காட்டுன அதே ஷெட்டுங்கண்ணா, ஒரு அடி மாறல. உங்க ஊட்டுல ஒத்துக்குவாங்களான்னு நான்தான் பயந்தேன். அக்கா சிரிச்சுக்கிட்டே, ‘ஒவ்வொண்ணா வேண்டாம்னு சொல்லிட்டே வந்தாப் போதும், அவரே கட்டிக் குடுத்துருவாரு’ன்னாங்க.”