இரும்பு ஊஞ்சல் செஞ்ச கதை

உக்காருங்க, உக்காருங்க! ஏலே தனுஷ்கோடி, வாய மூடிட்டு அந்தச் சாக்குல குந்து. இப்பவே சிரிக்காத, கடைசியில மொத்தமாச் சிரிச்சுக்கோ.

திருத்தங்கல்லயே சொந்தக் கையால இரும்பு ஊஞ்சல் செஞ்சு, மொதலாளி கணக்கா ஆடப்போற மொத ஆளு நாந்தான்னு போன வாரம் முடிவெடுத்தேன். பட்டறையில வெல்டிங் மிஷின் வாடகைக்கு எடுத்தாச்சு. இரும்பறுக்குற கிரைண்டரும் வந்துருச்சு. மாவாட்டுற கிரைண்டர் இல்ல. அது எனக்கு வருசம் பூரா உள்ள வேலை.

பளபளன்னு நைலான் சட்டை, கண்ணுக்குக் கூலிங் கிளாஸ். வீட்டு முத்தத்துல வந்து நின்னேன்.

என் வீட்டுக்காரி பாண்டிமீனா, அந்தா மூலையில பட்டாசுக்குப் பேப்பர் குழா உருட்டுறாளே, அவதான். பட்டாசுக் கம்பெனியில வேல. வாயத் தெறக்கவே மாட்டா. அன்னைக்குத் தெறந்தா.

"ஏங்க, கல்யாணத்துக்கா கெளம்பிட்டீக?"

"வெல்டிங் அடிக்கப் போறேன்ளா."

"இந்தக் கண்ணாடியிலயா? இதப் போட்டுப் பத்தவச்சுத்தான தனுஷ்கோடி அண்ணன் கண்ணு வீங்கிக் கெடந்தாக?"

மொறைக்காதலே. மொளகாப்பொடி விழுந்தவன் கணக்கா ஒப்பாரி வச்சியா இல்லையா?

"சட்டையக் கழட்டுங்க. பொறி பட்டா உருகி ஒடம்போட ஒட்டிக்கிரும்."

"உத்தரவு மேடம்!"னு அவ கம்பெனி சூப்பர்வைசர் மொதலாளியம்மா முன்னால நிக்குற கணக்கா, இந்தா இப்பிடி, கழுத்த நீட்டிச் சொன்னேன். அவ சிரிக்கல. என் பையில கைய விட்டு லைட்டரப் புடுங்கிட்டா. பருத்திச் சட்ட, கையொற, பூட்ஸு எல்லாம் மாட்டிவிட்டா. உருட்டுன குழாயெல்லாம் பக்கத்துல கருப்பம்மாள் வீட்டுக்குப் போச்சு. இங்கன மண்ணு வாளி, அங்கன தண்ணி வாளி. கம்பெனி ஷெட்டுக்குள்ள நொழையமுன்ன, ஒடம்புல ஏறுன கரண்டு எறங்கச் செம்புத் தகட்டத் தொடணுமாம். அந்தப் பழக்கத்துல என்னையச் செம்புக்குடத்தத் தொடச் சொன்னா. அதையும் தொட்டேனய்யா!

மொதல்ல அறுக்குற வேல. அதுக்கு வெள்ளக் கண்ணாடி. கண்ணச் சுத்தி மூடுனது. பொறியெல்லாம் அதுல டொக்கு டொக்குன்னு முட்டிட்டுத் திரும்பிப் போச்சு. அளவு சொன்னவ அவ, அறுத்தவன் நான். இத ஞாபகம் வச்சுக்கோங்க.

அப்புறம் மூஞ்சிய மூடுற வெல்டிங் மூடி கொண்டாந்தா. அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.

"இதப் போட்டா ஒண்ணுமே தெரியாதே!"

"நான் எதுக்கு இருக்கேன்? கம்பியப் பொருத்தி, வெல்டிங் ராடு நுனியையும் எடத்துல வைக்கேன். என் மூடிய எறக்கிட்டு 'மூடிட்டேன்'னு சொன்னதும் பத்தவைங்க. முடியுற வரைக்கும் மூடியத் தூக்காதீக. கண்ணு முக்கியம்."

அடடா, என் கண்ணு மேல எம்புட்டுப் பாசம்! மாட்டுனேன். ஆனைக்குட்டம் அணைக்குள்ள முங்குன மாதிரி இருட்டு.

"மூடிட்டேன்."

சர்ர்ர்!

"கொஞ்சம் மேல. மூடிட்டேன்."

சர்ர்ர்!

"ஊஞ்சலுக்கு எதுக்குளா இம்புட்டுக் கம்பி?"

"ஒங்க ஒடம்பத் தாங்க வேணாமா?"

நியாயந்தான!

"முடிஞ்சுது, தூக்குங்க."

தூக்குனேன். கண்ணுல ஒரு எரிச்சல் இல்ல, ஒரு செவப்பு இல்ல. பளிங்கு கணக்காத் தெரியுது. அதான் வினை! எதிர்ல நின்னது ஊஞ்சல் இல்ல. குழா காயவைக்க அஞ்சு தட்டு ஸ்டாண்டு! இரும்பு ஆறுனதும், கருப்பம்மாள் வீட்டுக்குப் போன குழாயெல்லாம் ஊர்வலமாத் திரும்பி வந்து ஏறி உக்காந்துருச்சு.

போகட்டும். வேல எம்புட்டு உறுதின்னு ஆட்டிப் பாருங்க! மீனாவால ஒரு கொற சொல்ல முடியுதா? மிஷினு இன்னும் எங்கிட்டதான் இருக்கு. நாளைக்கு ஊஞ்சல் செஞ்சு ஆடல, எம்பேரு கருப்பணன் இல்ல!

"ஏங்க, நாளைக்குக் கோழிக்கூண்டு. ஒங்க மூடியத் தொடச்சு வச்சுட்டேன்."