கதையில் செத்தவர்களுக்குப் பூசை கொடுத்த அக்கா

உலகத்தில் இறந்துபோனவர்களுக்காக அழுகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். பிறக்கவே பிறக்காதவர்கள் இறந்துபோனதற்காக அழுது, மூக்கைச் சிந்தி, அவர்களுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகக் கத்தோலிக்கக் கோயிலில் பூசையும் ஒப்புக்கொடுத்த ஒரே சீவன் ஊர்காவற்றுறைப் பூசை அக்காதான். இன்னொருவர் இருக்கிறார் என்று யாராவது ஆதாரத்தோடு எழுதினாலும் நான் நம்பப்போவதில்லை.

இந்த வருடம் வாசித்ததில் எனக்குப் பிடித்த சரித்திர நாவல்கள், மர்ம நாவல்கள் பற்றி எழுதித் தரும்படி பத்திரிகை ஆசிரியர் கேட்டிருந்தார். நாவல் எழுதுகிறவனுக்கு நாவலைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்கும் என்ற நல்லெண்ணம். உள்ளதைச் சொன்னால், இவ்வருடம் எனக்குப் பிடித்தவையெல்லாம் பூசை அக்கா இரவல் வாங்கி, கண்ணீரில் நனைத்து, வெயிலில் காயவைத்துத் திருப்பித் தந்தவை. நனையாமல் வந்தவற்றை நான் மறுபடி திறக்கவில்லை.

அக்காவுக்கு இறங்குதுறை வீதியில் ஒரு தையல்கடை. அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வேலணையிலிருந்து ஒரு காற்சட்டையைக் கட்டையாக்கக் கொண்டுபோன அன்று, அவர் தையல் மெசினில் தலையைச் சாய்த்து விம்மிக்கொண்டிருந்தார். எனக்குப் பதறிவிட்டது.

“என்னக்கா, ஆர் செத்தது?”

“ஒரு டொக்டர், தம்பி. கண்டியில. தங்கமான மனிசன். தேத்தண்ணிக்குள்ள நஞ்சு போட்டுட்டாங்கள்.”

“ஐயோ! உங்கட சொந்தமோ?”

“இல்லை. நூற்றி இருபதாம் பக்கத்தில.”

மெசினுக்கடியில் ஒரு மர்ம நாவல் கிடந்தது. அளவு நாடாவைத்தான் பக்கத்துக்கு அடையாளமாக வைத்திருந்தார். அதனால் என் காற்சட்டையைக் கண்ணளவில் வெட்டினார். இடது கால் டொக்டருக்காக அழுது முடிப்பதற்கு முன்பு தைத்தது; வலது கால் பின்பு தைத்தது. இரண்டுக்கும் நாலு விரல் வித்தியாசம். அந்தக் காற்சட்டையோடு நடந்தால் நான் எப்போதும் ஒரு பக்கம் வாய்க்காலுக்குள் இறங்கி நடப்பதுபோல் இருக்கும்.

மர்மக் கதை வாசிக்கிற மற்றவர்களுக்குக் கொன்றவன் யாரென்று தெரியவேண்டும். அக்காவுக்கு அந்த ஆசை அறவே கிடையாது. “கொலைகாரனைத் தேட ஒரு ஊரே நிக்குது, தம்பி. செத்தவனை ஆரும் திரும்பிப் பாக்கினமோ? நிசத்தில செத்தவைக்குச் சொந்தக்காரர் பூசை ஒப்புக்குடுப்பினம். இவைக்கு ஆர் இருக்கினம்?” என்று கேட்டார். கேட்ட வேகத்தில் கண்டி டொக்டருக்காகக் கோயிலில் பெயர் கொடுத்தும்விட்டார்.

அன்று தொடக்கம் எனக்கு வருகிற சரித்திர, மர்ம நாவல்களெல்லாம் அவர் கடைக்குப் போயின. அவருடைய விமர்சனம் ஒரு வரிக்கு மேல் போகாது. ஊரெல்லாம் புகழ்ந்த ஒரு தடித்த நாவலில் பதினொரு கொலை. அதை ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் திருப்பித் தந்தார். “இதில ஒருத்தரும் சாகேல்லை, தம்பி. அவைக்கு முதலே உயிர் இல்லை.” நான் அதே நாவலைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துப் போட்டேன்.

அடுத்தது, ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் துறைமுகத்திலிருந்து யானை ஏற்றியதைப் பற்றிய சரித்திர நாவல். அருமையான எழுத்து. கப்பலில் ஏற்றும்போது ஒரு கொம்பன் கால் தவறிக் கடலில் விழுந்து இறந்துபோகிறது. அக்கா இரண்டு நாள் கடையைப் பூட்டினார். மூன்றாம் நாள் பாதர் தங்கும் அறைவீட்டுக்குப் போய் யானைக்குப் பூசை கேட்டார். புதிதாக மாற்றலாகி வந்த இளம் பாதர், பாவம், எழுந்தே நின்றுவிட்டாராம்.

“யானைக்கெல்லாம் பூசை வைக்க ஏலாது, அக்கா.”

“ஏன் பாதர், ஞானஸ்நானம் இல்லையெண்டோ? அது கடலுக்குள்ள விழுந்துதானே செத்தது. தலை வரைக்கும் நனைஞ்சது.”

வேத சாஸ்திரம் ஏழெட்டு வருடம் படித்த பாதர் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார். கடைசியில் யானைப் பாகனுக்குப் பூசை வைப்பது என்று சமாதானமானார்கள். பாகன் நாவலில் சாகவில்லை என்பது பாதருக்குத் தெரியாது.

இவற்றையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. தண்டையல் மரியாம்பிள்ளை விவகாரத்தில்தான் பெரிய அமளி வந்தது.

தண்டையல் என்றால் எங்கள் பக்கத்தில் பாய்க்கப்பல் தலைவன். நான் கொடுத்த இன்னொரு நாவலில் ஒரு தண்டையல் மரியாம்பிள்ளையை, முத்து மூட்டைக்காக, யாரோ நடுக்கடலில் குத்திக் கொன்றுவிடுகிறார்கள். சரித்திரமும் மர்மமும் சேர்ந்த நாவல். அக்காவுக்கு இரட்டைத் துக்கம். ஞாயிற்றுக்கிழமை பாதர் பீடத்தில் நின்று, “தண்டையல் மரியாம்பிள்ளையின் ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடுவோமாக” என்றார்.

ஊர்காவற்றுறையில் உண்மையாகவே ஒரு மரியாம்பிள்ளை இருந்தார். முன்பு லோஞ்ச் படகு ஓட்டியவர். ஊர் அவரைத் தண்டையல் என்றுதான் கூப்பிடும். அன்று முன் வாங்கில், இஸ்திரிக்கை போட்ட வெள்ளைச் சேர்ட்டோடு, அவர் உட்கார்ந்திருந்தார். “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று எல்லாரையும்விட உரக்கச் சொன்னவரும் அவர்தான். சொல்லி முடித்த பிறகுதான் யாருக்காகச் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

அதற்கிடையில் பூசை நேரலையில் கடல் தாண்டிப் போய்விட்டது. ரொறன்ரோவிலிருந்து மகன் தகப்பனின் கைத்தொலைபேசிக்கே எடுத்துக் குழறினான்.

“அப்பு! நீங்கள் செத்துப்போனியளோ?”

“எனக்கும் இப்பதான் தெரியும், மோனை. பாதர்தான் சொன்னவர்.”

அன்று மத்தியானம் மரியாம்பிள்ளை வீட்டுக்குச் சுருவில் கிராமத்திலிருந்து ஒரு வான் நிறையச் சனம் வந்து இறங்கியது. அழுதுகொண்டு வந்தவர்களுக்கு இறந்தவரே வாசலில் நின்று கதிரை எடுத்துப் போட்டார். வந்தவர்கள், வந்ததுதான் வந்தோம் என்று குசினியில் பெரிய பானை ஏற்றி, மீன்குழம்பு வைத்து, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பூசை அக்காவும் போயிருந்தார். அவர் மரியாம்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. “நீங்கள் சாகேக்க எத்தினை பேர் வருவினம் எண்டு இருந்து பாத்திட்டீங்கள். ஆருக்கு அண்ணை இந்தக் குடுப்பினை?” என்றார். மரியாம்பிள்ளை யோசித்துவிட்டு, வராத இரண்டு மருமக்களின் பெயரைச் சொல்லிக் கோபித்தார்.

பாதர் கடைக்கே வந்தார். இனிமேல் செத்தது கதையிலா நிசத்திலா என்று முதலே சொல்லவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். பிறகு குரலைத் தணித்தார்.

“அந்தத் தண்டையலைக் கொன்றது ஆரக்கா?”

“பாவசங்கீர்த்தனத்தில கேட்டதை நீங்கள் வெளியில சொல்லுவியளோ?”

“ஒருக்காலும் சொல்லமாட்டன்.”

“அப்ப என்னட்டையும் கேளாதேங்கோ. கொண்டுபோய் வாசியுங்கோ.”

அடுத்த ஞாயிறு பிரசங்கம் வழக்கத்தில் பாதிகூட இல்லை. பாதருக்குக் காய்ச்சல் என்றார்கள் சிலர். கடைசி அத்தியாயம் மிச்சம் இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நானும் இவ்வருடம் ஒரு சரித்திர மர்ம நாவல் எழுதியிருந்தேன். ஒல்லாந்தர் காலத்தில், கடலுக்கு நடுவிலுள்ள கோட்டையில் சவிரி என்ற காவற்காரனைக் கொன்று, உடலைக் கடலில் எறிந்துவிடுகிறார்கள். உடல் கிடைக்காததுதான் மர்மமே. கொழும்பிலிருந்து பதிப்பாளர் அச்சுக்கு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நான் ஒரு துணிச்சலில் பிரதியை அக்காவிடம் வாசிக்கக் கொடுத்துவிட்டேன்.

ஒரு காலை அவர் பஸ் ஏறி வேலணைக்கு வந்தார். என் பிரதியை வெள்ளைத் துணியில் சுற்றி, குழந்தையைப்போல் ஏந்தியிருந்தார். என் மனைவி போட்ட கதிரையில் இருக்கவில்லை.

“நீர் அவனைக் கொன்றது பரவாயில்லை. கடலில எறிஞ்சது சரியில்லை. அவனை அடக்கம் செய்யும்.”

“ஏலாதக்கா. பிணம் கிடைச்சால் என்ர நாவலே இல்லை.”

“அவனுக்கு ஒரு மனிசி இருந்தவள். இரண்டாம் அத்தியாயத்துக்குப் பிறகு அவளைக் காணேல்லை. அழக்கூட விடேல்லை நீர்.”

“கதை வேகமாப் போகவேணும், அக்கா.”

“எங்க போக?”

மனைவி தேத்தண்ணியோடு வந்து அவர் பக்கம் போய் நின்றுகொண்டாள். அக்கா கொஞ்சம் இறங்கி வந்தார்.

“சரி. பிணத்தை எழுவைதீவுக் கரையில கொண்டுபோய் ஒதுக்கும். ஒல்லாந்தன் அங்க தேடமாட்டான்.”

“அங்க சவிரியை ஆருக்கும் தெரியாதே.”

“தெரியாட்டி என்ன? செத்தவனை அடக்கம் செய்ய அறிமுகம் வேணுமோ?”

அவர் போன பிறகு ஒரு கிழமை பதிப்பாளரின் அழைப்புகளை எடுக்காமல் எழுதினேன். எழுவைதீவுக் கரையில் உடல் ஒதுங்குகிறது. மீன்பிடிக்கப் போகவிருந்தவர்கள் வலையை இறக்கி வைத்துவிட்டுக் குழி வெட்டுகிறார்கள். பெயர் தெரியாததால் ஒரு கிழவி அவனை “மகனே” என்று கூப்பிட்டு அழுகிறாள். அந்தக் குழியைத் தேடி அவன் மனைவி வருவதில்தான் நாவல் இப்போது முடிகிறது. பதிப்பாளர் தாமதத்துக்கு ஏசத் தொலைபேசி எடுத்தவர், அந்த இடத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, மூக்கைச் சிந்திக்கொண்டு வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பூசை அக்காவின் வருத்தம் கொழும்பு வரைக்கும் தொற்றிவிட்டது.

புத்தகம் வெளிவந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை வரும்படி அக்கா சொல்லியனுப்பினார். நான் சைவக்காரன்; கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தேன். பாதர் தொண்டையைச் செருமினார்.

“கடற்கோட்டைக் காவற்காரன் சவிரியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. இவர் நாவலில் இறந்தவர், ஒருவரும் பதறவேண்டாம். அத்தோடு, சவிரியைக் கொன்றவரின் முழங்கால் விரைவில் சுகமாகவும் மன்றாடுவோமாக.”

என் நாவலின் கொலைகாரன் மதில் ஏறிக் குதிக்கிறவன். அவனுக்கு முழங்காலில் ஒன்றும் இல்லை. முந்திய கிழமை கடலை ஊடறுத்துப் போகும் தாம்போதி வீதியில் மோட்டார்சைக்கிளோடு விழுந்தவன் நான்.

சனம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. முன் வாங்கில் இருந்த அக்கா மட்டும் திரும்பவில்லை. எல்லாரும் முழந்தாளிட்டார்கள். எனக்கு முடியவில்லை. நின்றபடியே, அவருடைய முதுகைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டேன்.