பைலட் மாப்பிள்ளை

"உன் மவன் இப்ப எங்கப்பா பறந்துகினு இருக்கான்?" என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ் இருதயசாமி வேலிக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டபோதே குழந்தைவேல் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"துபாய்" என்றார், ஏதோ அடுத்த பிளாக்கைச் சொல்வதுபோல.

மகன் ஜெயப்பிரகாஷ் அப்போது முத்தாண்டிக்குப்பத்து முந்திரித் தோப்பில் ட்ரோனைப் பறக்கவிட்டுப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தான். கல்லூரி ஒத்துவரவில்லை என்று முதல் வருடமே மூட்டை கட்டியவன், பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தான். அதில் 'ரிமோட் பைலட்' என்று போட்டிருந்தது. சுரங்கத்தில் தன்னோடு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு லட்டு கொடுத்தபோது, அவர்கள் பிள்ளைகள் எல்லாம் பி.இ., எம்.இ. என்ற நினைப்பில், குழந்தைவேலுக்கு 'ரிமோட்' மட்டும் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

அன்று சாயங்காலமே ஜெயப்பிரகாஷ் மருந்து வாடையோடு வண்டியில் வந்து இறங்கினான். வேலிக்கு மேல் தலை முளைத்தது.

"துபாய்லேருந்து அதுக்குள்ள வந்துட்டானா? இன்னாப்பா இது, மருந்து நாத்தம்?"

"ஏரோப்ளேன்ல கொசு மருந்து அடிப்பாங்க. உனக்குத் தெரியாதா?"

இருதயசாமி நம்பிய மாதிரி தெரியவில்லை. ஆகவே குழந்தைவேல், தோளில் தங்கப் பட்டை வைத்து ஒரு வெள்ளைச் சட்டை தைத்து வாங்கி, ஊர் பார்க்கக் கொடியில் காயப்போட்டார்.

அதை இருதயசாமி பார்த்தார். கூடவே, தெருவில் போய்க்கொண்டிருந்த கல்யாணத் தரகர் நல்லசாமியும் பார்த்தார். இரண்டே நாளில் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"மேல்பட்டாம்பாக்கத்துல ஒரு பொண்ணுங்க. பேரு பவித்ரா. டாக்டரு! பைலட் மாப்பிள்ளைன்னதும் சரின்னுட்டாங்க. ஞாயித்துக்கெழம வராங்க."

குழந்தைவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. இருதயசாமியிடம் அளப்பது வேறு, ஒரு பெண்ணின் வாழ்க்கை வேறு.

"நானே சொல்லிடறேம்பா, ட்ரோன்னு" என்றான் ஜெயப்பிரகாஷ். "என் வேலைக்கு எனக்கென்ன வெக்கம்?"

"வாயத் தொறக்காத. ஜாதகம் சரியில்லன்னு நான் தட்டிவுட்டுடறேன்."

ஞாயிற்றுக்கிழமை காரிலிருந்து பவித்ராவும், அவள் அப்பா வெள்ளைச்சாமியும், அத்தை ராஜாம்பாளும் இறங்கினார்கள். நல்லசாமி வாசலிலிருந்தே கூவினார்: "பத்துப் பொருத்தமும் அமோகமா பொருந்துதுங்க!"

ஒரு நல்ல செய்தி தன்னை இப்படிச் சாய்க்கும் என்று குழந்தைவேல் நினைத்ததே இல்லை. பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

அவர் மனைவி கனகம் வேறு, காபித் தட்டைக் கீழே வைத்ததும் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "டாக்டரம்மா, இந்த முட்டிவலிக்கு இன்னா பண்றது?"

"வெளியில வந்தா அவ வைத்தியம் பாக்கறதில்லீங்க" என்று ராஜாம்பாள் அவசரமாகக் குறுக்கே விழுந்தாள். அதற்குள் பவித்ரா முட்டியை உற்றுப் பார்த்துவிட்டாள்.

"தண்ணி படாம பாத்துக்குங்க அத்தை. ரொம்ப சூடாச்சுன்னா கொஞ்ச நேரம் அப்படியே வுட்டுடுங்க."

கனகம் சொக்கிப்போனாள். "மாத்திரைன்னு பயமுறுத்தாத டாக்டர இப்பத்தாங்க பாக்கறேன்!" என்று கணவர் காதில் கிசுகிசுத்தாள். "முடிச்சுடுங்க."

பையனும் பெண்ணும் பின்பக்கம் பலா மரத்தடிக்குப் பேசப் போனார்கள். அவன் என்னவோ சொன்னான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் பதிலுக்கு என்னவோ சொல்ல, அவன் மரத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தான். ஜன்னல் வழியாகப் பார்த்த குழந்தைவேல் தலையைச் சொறிந்தார். இவ்வளவு பிடித்துப்போனால் எப்படித் தட்டிவிடுவது?

"மாப்பிள்ள ஓட்டறது பெரிய ஏரோப்ளேனுங்களா, சின்னதுங்களா?" என்று வெள்ளைச்சாமி கைகட்டியபடி கேட்டார்.

"சின்னதுதாங்க, நாலு இறக்கையோட..." என்று தொடங்கிய குழந்தைவேல் பாதியில் நிறுத்தினார். பெண்ணைப் பெற்றவர் இத்தனை பணிவாகக் கேட்டது அவரை என்னவோ செய்தது. எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா, மன்னிச்சுக்குங்க. எம்மவன் ஏரோப்ளேன் ஓட்டல. ட்ரோன் ஓட்றான். முந்திரிக்கு மருந்து அடிக்கிறான். டிகிரியும் கெடையாது. ஆனா சீசன்ல அவன் எப்ப வருவான்னு தோப்புக்காரங்க காத்துகினு கெடக்குறாங்க. அவன் பெருமையாத்தான் சொல்றான். நாந்தான் வெக்கப்பட்டு மறைச்சேன்."

கனகம் தலையில் கை வைத்தாள். நல்லசாமி மெல்லச் செருப்பைத் தேடினார். ஜன்னலுக்கு வெளியே, வேலிக்கு மேலிருந்த இருதயசாமியின் தலை வாயைப் பிளந்தது.

வெள்ளைச்சாமி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. "ஐயையோ, அழுவாதீங்க!" என்று குழந்தைவேல் பதறி அவர் கையைப் பிடித்தார். துண்டு நழுவியது. உள்ளே மனுஷர் அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார்.

ராஜாம்பாள் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள்.

"அப்பாடா! அண்ணே, நீயும் சொல்லித் தொலை, நம்ம பொண்ணு வைத்தியம் பாக்கறது செல்போனுக்குன்னு!"