அண்ணி சோப்புக்கு ஒரு லேபிள்

உலகத்தில் எந்தப் பொருளுக்கும் இரண்டு பாகங்கள் உண்டு: உள்ளே இருப்பது, மேலே ஒட்டியிருப்பது. உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். மேலே ஒட்டுவதற்குத்தான் அறிவு வேண்டும். இந்த மாபெரும் உண்மையைக் கண்டறிந்த பெருமகனாரின் மனைவி வீட்டிலேயே சோப்பு செய்து விற்பவர் என்பது தற்செயல்.

தெருவில் எல்லோருக்கும் அந்த அம்மாள் அண்ணி. எண்ணெயும் காரமும் கலந்து, அச்சில் ஊற்றி, வில்லை வில்லையாக வெட்டி, ஒரு மாதம் காற்றாட உலர்த்தி, காகிதத்தில் சுற்றிப் பேனாவால் 'எலுமிச்சை' என்று எழுதிக் கொடுப்பார். அவசரப்பட்டுக் கேட்டால், இன்னும் பதமாகவில்லை, தோல் எரியும் என்று கையைத் தட்டிவிடுவார். அண்ணி கொடுத்தால் குழந்தைக்கும் போடலாம் என்று ஊரில் ஒரு பேச்சு. இத்தனை வருடத்தில் அவர் சேர்த்த சொத்து அந்தப் பேச்சு ஒன்றுதான்.

லேபிள் ஒட்டிக் கொண்டுவந்தால் கடையில் ஒரு தட்டையே ஒதுக்கித் தருவதாக மருந்துக்கடைக்காரர் சொன்னபோது அண்ணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கணவருக்கோ பொறுப்பு வந்துவிட்டது. அன்று மாலையே அவர் 'நிர்வாக இயக்குநர்' ஆனார். நியமித்தவரும் அவரே என்பதால் கோப்பு எங்கும் தேங்கவில்லை.

முதல் ஆலோசனைக் கூட்டம் சாப்பாட்டு மேசையில் நடந்தது. அங்கே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த குற்றத்துக்காக அண்ணியும் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார். லேபிள் பிரிண்டரில் மை போடுவது நல்லதா, வெறும் சூட்டில் அச்சாவதா? மை ஈரத்தில் கரையும். சூட்டு அச்சு நாளாக ஆக மங்கும். சுருள் அகலமா, ஒடுக்கமா? ஃபோனில் இயங்குமா, கம்ப்யூட்டர் வேண்டுமா? சோப்பு குளியலறையில் இருக்கும் சாமான், தண்ணீர் பட்டாலும் அழியாததாக ஒன்று வாங்கினால் போதும் என்றார் அண்ணி. அது 'பரிசீலனைக்கு' எடுத்துக்கொள்ளப்பட்டது.

இயக்குநர் பிறகு சோறு தண்ணி மறந்து வீடியோ வீடியோவாகப் பார்த்தார். கடைகளில் ஏறி இறங்கினார். நீண்ட ஆய்வின் முடிவில், தண்ணீர் பட்டாலும் அழியாததாக ஒன்று வாங்கினால் போதும் என்று கண்டுபிடித்தார். ரிப்பன் போட்டு அச்சடிக்கும் பிரிண்டர் வந்தது. சோதனை ஓட்டமாக வீட்டுக் கதவுகளில் எல்லாம் 'கதவு' என்று ஒட்டப்பட்டது. அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் சுவரில் முட்டிக்கொள்ளவில்லை.

சோப்பு லேபிளைக் குறை சொல்ல முடியாது. கரை கட்டிய ஓரம், நடுவில் ஒரு பூ, அதன் கீழே 'ஒரு மாதம் உலர்த்தியது', எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் 'அண்ணி கைப்பட'. கடைத் தட்டு வைத்த வேகத்தில் காலியானது. மருந்துக்கடைக்காரர் இன்னும் கேட்டார்.

இங்கேதான் நிர்வாகத்துக்கு ஒரு குறைபாடு தட்டுப்பட்டது. டீ ஆறுவதற்குள் நூறு லேபிள் வருகிறது; சோப்போ ஒரு மாதம் காய்கிறது. லேபிளைக் காக்கவைக்க இயக்குநருக்கு மனம் வரவில்லை. 'உற்பத்திப் பிரிவின் மெத்தனம்' என்று கண்டித்துவிட்டு, அந்தப் பிரிவுக்குத் தெரியாமல், ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் மூட்டையாக விற்ற பெயரில்லாத சோப்பை வாங்கினார். கொல்லை அறையில் உட்கார்ந்து தானே ஒட்டினார். ஒரு லேபிள்கூடக் கோணவில்லை.

எதிர்வீட்டுப் பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதுகெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

"உங்க சோப்புன்னுதான் அண்ணி கண்ணை மூடிட்டுப் போட்டேன்" என்றாள்.

அவள் நீட்டிய சோப்பை அண்ணி முகர்ந்து பார்த்தார். லேபிள் அவருடையது; சோப்பு அவருடையதில்லை. குழந்தையை வாங்கித் தண்ணீர் விட்டுக் கழுவி, தாயோடு டாக்டரிடம் அனுப்பிவிட்டு, கொல்லை அறைக்குப் போனார்.

"நீங்க எங்கேயிருந்து என்ன வேணா வாங்கி வித்துக்கோங்க. அதுல என் பேரை மட்டும் எடுத்துடுங்க."

இயக்குநர் கோபப்படவில்லை. சிறந்த நிர்வாகிகள் கோபப்படுவதில்லை. பிரிண்டரை மெல்ல நிறுத்திவிட்டு, சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல் சொன்னார்.

"பூ பிடிக்கலையா, மாத்திடலாம். ஒரு மாசம் போதலைன்னா ரெண்டு மாசம் உலர்த்தினதுன்னு அடிச்சுக்கலாம். உன் பேரை எப்படிம்மா எடுக்கறது? அது இல்லேன்னா இந்தச் சோப்பை நம்பி எவன் வாங்குவான்?"