பக்க விளைவும் பக்க விளையாட்டும்

சுபாஸ்கரனைக் காட்டிக்கொடுத்தது அவருடைய இடக்கைதான்.

புட்டுக் கோப்பையை வாங்க இரண்டு கைகளையும் நீட்டினார். மனைவி றஜிதா கோப்பையைக் கொடுக்காமல் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வலக்கை வறுத்த கோப்பிக்கொட்டை. இடக்கை, மணிக்கட்டில் கோடு கிழித்தது போல, அங்கிருந்து விரல்நுனி வரை உரித்த பனங்கிழங்கு.

"இஞ்சாருங்கோ, இதென்ன? ஒரு கை எங்கடை ஊர், மற்றக் கை வெளிநாடு?"

"சீனி வருத்தத்துக்குக் குடுத்த குளிசை. பக்க விளைவு."

"குளிசை ஒரு பக்கத்துக்கு மட்டுமே வேலை செய்யும்?"

"அதுதானே பக்க விளைவு எண்டு சொல்லுறது."

அந்தப் பதிலை நினைத்து அவர் தனக்குள்ளே ஒருமுறை கைதட்டிக்கொண்டார். ஆனால் றஜிதா மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். பிள்ளைகள் கேட்கிற கேள்விகள் அவளுக்கும் தொற்றியிருந்தன. அவளுடைய கேள்விகளில் விஷம் இருக்காது. உண்மையாகவே அறிய வேண்டும் என்ற ஆசை மட்டும் இருக்கும். அதனால்தான் அவற்றிலிருந்து தப்ப முடியாது.

"அப்ப ஏன் மணிக்கட்டோட நிக்குது? குளிசைக்கு மணிக்கட்டு எங்கை இருக்கெண்டு என்னண்டு தெரியும்? எனக்கு விளங்கேல்லை. நாளைக்கு லீவு போடுறன், தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலை தோல் டொக்டரிட்டைக் காட்டுவம்."

ஒரு தோல் டொக்டர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா கையுறை போடுறனீங்களோ?" என்று கேட்பது சுபாஸ்கரனின் கண்முன் வந்தது. புட்டு இன்னும் கைக்கு வரவில்லை. பசி வேறு.

"விளைவு இல்லை," என்றார். "விளையாட்டு."

விஷயம் இதுதான். டொக்டர் அவரைப் பின்னேரத்தில் நடக்கச் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து ஓய்வுபெற்று, மனைவி அற்புதராணியோடு வட்டுக்கோட்டைக்குத் திரும்பி வந்தார் ஜொனதன் அண்ணை. கூடவே ஒரு பெரிய பை நிறையக் கோல்ஃப் மட்டைகளும் வந்தன. நெல் வெட்டி முடிந்த அவருடைய வயலில் பால்மாப் பேணிகளைப் புதைத்து ஐந்து குழி அமைத்தார்கள். குழி தோண்டியது சுபாஸ்கரன். போன் கடை யதுசனும் சேர்ந்தான். சூரியன் கண்ணுக்கு நேரே இறங்கும்வரை மூவரும் பந்தை அடித்து, பந்தைத் தேடி, மாட்டை விரட்டி, மீண்டும் அடித்தார்கள். மட்டை வழுக்காதிருக்க இடக்கைக்குக் கையுறை.

ஒரு தொல்லை இருந்தது. எப்போதும் ஜொனதனே வென்றார். மற்ற இருவருக்கும் அலுத்துப் போகிற நேரத்தில் அவர்தான் சொன்னார்: "விளையாட்டுக்குள்ளை வேறை விளையாட்டு இருக்கு. கனடாவிலை நாங்கள் அதுக்காகத்தான் போறனாங்கள்."

முதலாவது பாம்பு. குழிக்குப் பக்கத்தில் வந்த பிறகு பந்தை இரண்டு உருட்டில் உள்ளே விடவேண்டும். மூன்றாவது உருட்டுத் தேவைப்பட்டால் ஒரு றப்பர் பாம்பு கழுத்தில் ஏறும். வேறொருவன் அதேபோலச் சறுக்கினால்தான் பாம்பு இடம் மாறும். கடைசிக் குழி முடிகிறபோது அது யார் கழுத்தில் கிடக்கிறதோ அவர் தோற்றவர். இரண்டாவது ஓநாய். வட்டுக்கோட்டையில் ஓநாய் இல்லை என்று யதுசன் அதை நரியாக்கினான். நரியாக நிற்பவர் மற்றவர்களின் முதல் அடியைப் பார்த்துவிட்டு, "இவர் என்ரை ஆள்" என்று ஒருவரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளலாம். அந்த ஆள் குழியை வென்றால் நரிக்கும் வெற்றி.

காசு வைப்பதில்லை என்பது ஜொனதனின் கொள்கை. ஆகவே தோற்றவர் வென்றவர் வீட்டு வேலையொன்றைச் செய்து கொடுக்கவேண்டும். இதைக் கேட்டதும் சுபாஸ்கரனின் மனதில் ஒரு பெரிய திட்டம் எழுந்து நின்றது. றஜிதா அவருக்கென்று ஒதுக்கிய வேலைகள் எல்லாவற்றையும் இனிப் பந்தயத்தில் தள்ளிவிடலாம்!

இதையெல்லாம் கேட்டு முடித்ததும் றஜிதா கோப்பையைக் கொடுத்தாள்.

"அப்ப யதுசன் வந்து எங்கடை தண்ணித் தாங்கி கழுவினது?"

"பாம்பு."

"ஜொனதன் அண்ணை வேலி அடைச்சது?"

"நரி."

"ஐயோ, கனடாவிலை அடைக்க வேலி கிடையாமல் மனிசன் ஏங்கிப்போச்சாக்கும் எண்டு நினைச்செல்லே நான் ரெண்டு தரம் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தனான்!"

அவள் கோபித்திருந்தால் சுபாஸ்கரன் சமாளித்திருப்பார். அவள் கோபிக்கவில்லை. கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாம்பு ஏன் றப்பர்? நரி தனிய நிக்க ஏலாதோ? நரிக்குப் பந்து அடிக்கத் தெரியவேணுமோ? நான் ஒருக்கா வந்து பாக்கட்டே?"

அடுத்த நாள் பின்னேரம் அவள் ஒரு பெட்டி உழுந்து வடையோடும் தேத்தண்ணிப் போத்தலோடும் வரம்பில் வந்து நின்றாள். நண்பர்கள் மட்டைகளைக் கீழே போட்டுவிட்டு வடையிடம் ஓடினார்கள்.

"தங்கச்சி, நீரும் ஒரு அடி அடிச்சுப் பாருமன்," என்றார் ஜொனதன், வாய் நிறைய வடையோடு.

"ஐயோ, எனக்கு உது வராது. பக்க விளையாட்டு மட்டும் விளையாடலாமோ அண்ணை? நரி பந்து அடிக்கத்தான் வேணுமோ?"

ஜொனதன் யோசித்தார். நரி அடிக்கவேண்டும் என்றுதான் கனடாவில் விதி. ஆனால் கனடாவில் யாரும் வடை கொண்டு வந்ததில்லை. "தேவையில்லை," என்றார்.

முதற்குழி. ஒருவருமே இன்னும் அடிக்கவில்லை. றஜிதா கையை நீட்டி, "ஜொனதன் அண்ணை என்ரை ஆள்," என்றாள். ஜொனதன் வென்றார். அது பெரிய விஷயமில்லை. இரண்டாம் குழியில், "யதுசன்" என்றாள். ஜொனதனின் பந்து மாட்டின் முதுகில் பட்டுத் திரும்பி வர, யதுசன் வென்றான். மூன்றாம் குழியிலும் யதுசன்தான். நான்கில் மீண்டும் ஜொனதன். அவள் சொன்னது ஒன்றும் பிழைக்கவில்லை.

சுபாஸ்கரனுக்குப் பொறுக்கவில்லை. "ஒருக்காவும் என்னைச் சேக்கேல்லை, என்ன?"

"நீங்கள் கால்சட்டையை மேலை இழுத்தால் பந்து வாய்க்காலுக்கை. மூக்கைச் சொறிஞ்சால் பனையடிக்கு. இத்தனை வருசமாப் பாக்கிறன், இது கூடத் தெரியாமல் இருக்குமோ?"

யதுசன் சிரித்த சிரிப்பில் அவன் கழுத்திலிருந்த பாம்பும் ஆடியது.

ஆம், பாம்பு அப்போது யதுசனிடம்தான் இருந்தது. மிச்சமிருந்தது ஒரே ஒரு குழி. பாம்பு விளையாட்டில் சுபாஸ்கரன் மன்னன். இந்தத் தெம்பில்தான் அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"றஜிதா, ஒரு பந்தயம். கடைசியிலை பாம்பு என்ரை கழுத்திலை இல்லையெண்டால், இனிப் பின்னேரத்திலை என்னை ஒரு வேலையும் கேக்கப்படாது. தேங்காய் திருவச் சொல்லப்படாது, இடியப்பம் பிழியச் சொல்லப்படாது."

"பாம்பு உங்கடை கழுத்திலை கிடந்தால்?"

"பின்னேர வேலை முழுக்க என்ரை."

"எந்த வேலையெண்டாலுமோ?"

"எந்த வேலையெண்டாலும்!"

"எனக்கு வாற வேலையெல்லாமோ? சும்மா விளக்கத்துக்குக் கேக்கிறன்."

"உமக்கு வாற வேலையெல்லாம் எனக்கு! ஜொனதன் அண்ணை சாட்சி!"

கடைசிக் குழி. கால்சட்டையைத் தொடாமல், மூக்கைத் தொடாமல் அடித்தார் சுபாஸ்கரன். பந்து பறந்து, குழிக்கு மூன்று முழத்தில் வந்து படுத்துக்கொண்டது. மற்ற இருவரும் இரண்டே உருட்டில் போட்டு முடித்திருந்தார்கள். இவருக்கும் இரண்டு உருட்டுத் தாராளம். கண்ணை மூடிக்கொண்டும் போடலாம். குனிந்தார். மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தார்.

"இஞ்சாருங்கோ, ஒண்டு கேக்கட்டே?" றஜிதாவின் குரலில் உண்மையான வியப்பு. "உருட்டேக்கை உங்கடை நாக்கு வெளியிலை வருகுதே, அது இடப்பக்கம் வந்தால் நல்லதோ, வலப்பக்கம் வந்தால் நல்லதோ?"

சுபாஸ்கரன் நிமிர்ந்தார். தன் நாக்கு வெளியே வருகிறது என்பதே அவருக்குப் புதுச் செய்தி.

"அண்ணை, ஓம், வாறதுதான்," என்றான் யதுசன். "நான் இடப்பக்கம் எண்டு நினைக்கிறன்."

"இல்லையடா, நேற்று வலப்பக்கம்," என்றார் ஜொனதன்.

மறுபடி குனிந்தார். நாக்கை உள்ளே இழுத்தார். உள்ளே எங்கே வைப்பது? மேல்வாயில் ஒட்டினால் மூச்சு முட்டியது. பல்லுக்குப் பின்னால் வைத்தால் எச்சில் ஊறியது. இத்தனை காலமும் இந்த நாக்கு எங்கேதான் கிடந்தது? உருட்டினார். பந்து குழியைக் கடந்து நான்கு முழம் போனது. நாக்கை இடப்பக்கம் விட்டு உருட்டினார். ஒரு சாண் குறைந்தது. வலப்பக்கம் விட்டு மூன்றாவது தரம் உருட்டியபோது பந்து பேணிக்குள் விழுந்து 'டங்' என்றது.

யதுசன் தன் கழுத்துப் பாம்பைக் கழற்றி, மாலை போடுவதுபோல மரியாதையாக அவர் கழுத்தில் போட்டான்.

"அப்ப எந்தப் பக்கமும் சரிவராது போலை," என்றாள் றஜிதா யோசனையோடு.

அடுத்த நாள் பின்னேரம் சுபாஸ்கரன் திருவலைக்கு முன்னால் இருந்தார். றஜிதா தொப்பியோடு வெளிக்கிட்டாள். அவருக்குப் பதிலாக அவளைத் தினமும் வரச்சொல்லியிருந்தார்கள். அவர் தேங்காய் திருவினார், மாவைக் குழைத்தார், இடியப்பம் பிழிந்தார். பிழிகிற ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வேண்டுதல் வைத்தார்: அவள் தோற்கவேண்டும். பந்து அடிக்காமலே வெல்கிற அந்தத் திமிர் ஒருநாளாவது அடங்கவேண்டும்.

பொழுது சாய்கிற நேரத்தில் படலை திறந்தது. றஜிதா தொங்கிய முகத்தோடு வந்தாள். சுபாஸ்கரன் மாவுக் கையோடு முற்றத்துக்கு ஓடினார்.

"என்ன, தோத்திட்டீரோ?"

"ஓம் அப்பா. நரி பிழைச்சுப் போச்சு."

"ஹா!" அவர் முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். "அப்பிடி வாரும் வழிக்கு! ஆரிட்டைத் தோத்தனீர்?"

"ஜொனதன் அண்ணையிட்டை."

"நல்ல மனிசன்! என்ன வேலை தந்தவர்?"

"அற்புதராணி அக்காவின்ரை கோழிக்கூடு கழுவோணுமாம்," என்ற றஜிதா, மூலையில் கிடந்த தும்புத்தடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "கோழியள் அடைய முன்னம் ஓடிப்போட்டு வாங்கோ."