பிரசங்கத்துக்குள் ஓடிய எஞ்சின்

குறட்டை விடுகிறவன் மனுசனே இல்லை என்பது அருட்பிரகாசத்தின் கொள்கை. தான் விடுவதே இல்லை என்பது அதைவிடப் பெரிய கொள்கை. நத்தார்ப் பண்டிகைக்குப் பாரிசிலிருந்து வந்த தங்கச்சி லவீனா, இரவெல்லாம் என்ன சத்தம் என்று கேட்டபோது, கூசாமல் மனைவி லூர்த்தம்மாவைக் கைகாட்டினார். சாப்பாட்டு மேசையே சிரித்தது. அவள் எல்லாருக்கும் சொதி ஊற்றினாள்.

அப்பேர்ப்பட்ட மனுசனுக்கு இப்படியொரு அநியாயம் நடக்கலாமா?

குருநகர்ப் படகுத்துறையில் கூட்டாளி சிமியோன் போனை நீட்டினான். அதில் ஞாயிறு பூசை வீடியோ. ஆண்கள் பக்கத்து வாங்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அருட்பிரகாசம், வாய் ஆவென்று திறந்தபடி. பாதரின் பிரசங்கத்தையும் மீறிக் குறட்டை. 'இருபத்தைஞ்சு குதிரைவலு எஞ்சின்' என்று தலைப்பு வேறு. மூன்று லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். துறையில் நின்றவர்கள் அவரைக் கண்டதும் கயிறு இழுத்து எஞ்சின் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார்கள்.

அருட்பிரகாசம் கொதித்துப்போனார். மானம் போனது கிடக்கட்டும், கொள்கையல்லவா போய்விட்டது! எடுத்தவனைப் பாதர் முன்னால் நிறுத்தாமல் விடுவதில்லை என்று சபதம் போட்டு, வீடியோவைப் பதினொரு தரம் பார்த்தார். அவர் தலைக்குப் பின்னால் மாடத்து அந்தோனியார் சுருவம் தெரிந்தது. அப்படித் தெரிய வேண்டுமென்றால் பெண்கள் பக்கத்து மூன்றாம் வாங்கிலிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு முக்காட்டுக் கரை, நீலப்பூப் போட்டது. அந்த முக்காட்டை வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

வீட்டுக்குப் பறந்தார். லூர்த்தம்மா போனைத் தண்ணிக் குடத்தோடு சாத்திவைத்துவிட்டுக் கணவாய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நீயோ எடுத்தனி?"

"ஓம்."

"உடனை அழி."

"அதிலை இருக்கிறது ஆர்?"

அருட்பிரகாசம் கணக்குப் போட்டார். தான் என்றால் குறட்டையும் தன்னுடையதாகிவிடும்.

"ஆரோ என்னை மாதிரி ஒருத்தன்."

"அப்ப அந்த மனுசன் வந்து கேக்கட்டும், அழிக்கிறன். பெரிய வெள்ளிக்கு எடுத்ததும் கிடக்குது. சிலுவைப்பாதையிலை நிண்டபடி நித்திரை. ஆரோ ஒருத்தர்தானே, அதையும் போட்டுவிடுறன்."

இது அடுக்குமா? கட்டின புருசனை இப்படியும் ஒருத்தி மடக்குவாளா?

"நான்தான், போதுமே? இருபத்திரண்டு வருசமாய்க் குறட்டை விடுறது நான்தான். நீ இல்லை."

குடத்தடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தார். போனுக்குள் வீடியோ கோலில், பாரிசிலிருந்து லவீனா குடும்பத்தோடு வரிசையாக இருந்தாள்.

"அண்ணை, இடையிலை லைன் வெட்டிப்போட்டுது. இன்னொருக்கால் சொல்லுங்கோ, ரெக்கோட் பண்ணுறன்."