விரதம் இருந்த இறால் குஞ்சுகள்

ஏழாயிரம்பண்ணை,
2006, ஆடி 22.

நெல்லூர்ப் பண்ணையில் முட்டளவு தண்ணீரில் நின்று இறால்களுக்குச் சேவகம் செய்துவரும் என் ஒரே தாய்மாமன், வருங்கால இறால் அதிபர், உயர்திரு கதிரவன் அவர்களின் பாதங்களை (காய்ந்திருந்தால்) தொட்டு வணங்கி, அக்காள் மகள் ஓவியா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் அப்பாவும் நலம். கொல்லைத் தொட்டியில் நீங்கள் விட்டுப்போன நன்னீர் இறால் குஞ்சுகளில் பல நலம். மீதி, அந்தப் பலவற்றின் வயிற்றுக்குள் நலம். பதறாதீர்கள் மாமா. கரையேறி உட்கார்ந்து படியுங்கள். கடிதம் நனைந்தால் இன்னொரு தடவை எழுத எனக்குப் பொறுமை கிடையாது.

நம் ஊரிலேயே இறால் பண்ணை வைக்கப்போவதாக நீங்கள் சொன்னதற்கு, உங்கள் மாமனாராக வரவேண்டிய சீனிச்சாமி அவர்கள் சொல்லிப்போனது மறந்திருக்காது. "கடலே இல்லாத ஊர்ல இறால் பண்ணைங்கீக. நம்பி எப்படி என் பொண்ணு செல்வலட்சுமியக் குடுக்க? ஆடி முடியுறதுக்குள்ள இம்புட்டு நீளம் வளத்துக் காட்டுங்க" என்று, தான் வேலை பார்க்கும் கம்பெனித் தீப்பெட்டி ஒன்றை நடுவீட்டில் வைத்துவிட்டுப் போனாரே, அந்தத் தீப்பெட்டி இன்னும் சாமி படத்துக்கு அடியில்தான் இருக்கிறது. அடுப்புப் பற்றவைக்கக்கூட அம்மா அதைத் தொடவிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அளக்க வருகிறார். ஊரெல்லாம் பெண் பார்க்க வருவார்கள், நம் வீட்டுக்கு இறால் பார்க்க வருகிறார்கள். தொட்டி நன்றாக இருந்தால்தான் மாமா, உங்களுக்குத் தொட்டில்.

நீங்கள் சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். அவித்த முட்டையைத் துணியில் வைத்துப் பிசைந்து தூவினேன். கருவாட்டுத் தூளையும் கடலைப் பிண்ணாக்கையும் உருட்டி, பொழுது சாய்ந்ததும் நாலு மூலையிலும் போட்டேன். ஒரே இடத்தில் போட்டால் தடியன் தின்பான், நோஞ்சான் பட்டினி கிடப்பான் என்றீர்களே, எங்கள் சத்துணவு வரிசையை வந்து பார்த்தீர்களோ? ஒளிந்துகொள்ள ஏதாவது போடச் சொன்னீர்கள். அப்பா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் மருந்தே படாத பழைய மண் புஸ்வாணச் சட்டிகள் மூலையில் கிடந்தன. ஒரு சாக்கு கேட்டு வாங்கிவந்து கழுவிப் போட்டோம். சட்டிக்கு ஒருத்தன் குடியேறி, வாடகை வாங்க உட்கார்ந்த வீட்டுக்காரர் மாதிரி வாசலில் இருக்கிறான். தீபாவளிக்குப் பூவாய்ச் சொரிய வேண்டிய சட்டி மாமா, ஒவ்வொன்றிலிருந்தும் ரெண்டு மீசை மட்டும் வருகிறது! வந்தபோது அரைத் தீக்குச்சி நீளம் இருந்தவர்கள், ஆடி பிறக்கும்போது முழுத் தீக்குச்சி ஆகிவிட்டார்கள். பெட்டி நீளத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது.

அப்போதுதான் அம்மாவுக்குப் பக்தி வந்தது. தம்பி கல்யாணம் தடங்கலில்லாமல் நடக்க வேண்டும் என்று, ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு நடந்தே வருவதாக மாரியாத்தாவிடம் நேர்ந்துகொண்டு மஞ்சள் சேலை கட்டிவிட்டாள். அன்றைக்கே வீடு கழுவி, கருவாட்டு டப்பாவும் முட்டைக் கூடையும் வெளியே போயின.

"எம்மா, அப்ப இறாலுக்கு?"

"இறாலுக்கு என்ன? அதும் இந்த வீட்டு உசுருதான? வெள்ளிக்கெழமை கழியுற வரைக்கும் இந்த வீட்டுல ஒரு வாயும் கவுச்சி திங்கப்படாது."

"ஏம்மா, இறாலே கவுச்சிம்மா!"

"அதை நாம திங்கலைல்ல? பேசாமப் போ புள்ள."

"விடு, எனக்கும் துணைக்கு ஆளு கெடச்சிருச்சு" என்று அப்பா தொட்டியைப் பார்த்துச் சொன்னார். அவர் பார்த்த பார்வை எனக்கு அவ்வளவு நல்லதாகப் படவில்லை. ஆக மாமா, உங்கள் குஞ்சுகள் சர்க்கரைப் பொங்கலும் தயிர்சாதமும் மசித்த பூசணிக்காயுமாக விரதம் இருக்கத் தொடங்கின. பொங்கலில் முந்திரிப்பருப்பு மட்டும் இறாலுக்கு ஆகாது என்று நானே முடிவு செய்து, நானே அப்புறப்படுத்தினேன்.

நாலைந்து நாளில் தொட்டிக்கு அடியில் கூடு கூடாகக் கிடந்தது. "ஐயோ, என் தம்பி வாழ்க்கையே செத்துக் கெடக்கே!" என்று அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். வளர்கிற இறால் பழைய ஓட்டைச் சட்டை மாதிரிக் கழற்றிப் போடும் என்று நீங்கள் சொல்லித் தந்திருந்தீர்கள், அதை அப்படியே சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "அழாதம்மா, எல்லாம் ஆத்தாளுக்கு மொட்டை போட்டிருக்கு" என்றேன். அழுகை டக்கென்று நின்றது. ஓடுகளைப் பொறுக்கி, காணிக்கையாகக் கொண்டுபோக மஞ்சள் துணியில் முடிந்தாள். முடிந்தவள் வாயையும் முடிந்திருக்கலாம். மறுநாள் வேலைக்குப் போகக் கம்பெனி வேனில் ஏறியதும், கூட வேலை பார்ப்பவர்களிடம் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய கூட்டம் நேரே நம் கொல்லைக்கு வந்து குலவை போட்டது. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் அத்தை ஒரு சொம்புப் பாலைத் தொட்டிக்குள் சாய்க்க, இன்னொருத்தி மஞ்சளைக் கரைத்து ஊற்ற, நான் "தண்ணி கெட்டுரும்! தண்ணி கெட்டுரும்!" என்று குதிக்க, "புள்ளைக்கு அருள் வந்துருச்சு" என்று என் நெற்றியில் ஒரு கை திருநீற்றை அப்பினார்கள். மூச்சு முட்டிய குஞ்சுகள் சுவரோரமாக மேலே ஏறி வந்தன. அப்பாவும் நானும் பால் தண்ணீரை இறைத்துக் கொட்டி, கிணற்றுத் தண்ணீர் சுமந்து ஊற்றி முடிப்பதற்குள் நிமிர முடியவில்லை. என் வாய் பேசியதற்கு என் இடுப்பு அபராதம் கட்டியது.

அப்படிக் காப்பாற்றியும் குஞ்சுகள் குறைந்துகொண்டே வந்தன. ஒருநாள் இருட்டும் நேரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓட்டைக் கழற்றிவிட்டு மெத்தென்று கிடந்த ஒருத்தனை, எதிர்ச் சட்டிக்காரன் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்! பக்கத்தில் தயிர்சாதம் சீந்துவாரில்லாமல் கிடந்தது. அம்மாவை இழுத்துவந்து காட்டினேன்.

"அடப் பாவிகளா! விரத வீட்டுல சொந்தக்காரனையே திங்கீகளே, வெளங்குவீகளா?"

"கருவாட்டத் தூவுனா கருவாட்டத் திங்கும். தூவலைன்னா கூடப்பொறந்தவனத் திங்கும். எந்தக் கவுச்சி பரவால்லைன்னு ஆத்தாகிட்ட நீயே கேட்டுச் சொல்லும்மா."

அம்மா சாமி படத்தையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒரு யோசனை சொன்னாள் பாருங்கள், வக்கீலுக்குப் படித்தவர்களுக்குக்கூட வராது. "தொட்டி இந்த வீட்டோடதா இருந்தாத்தான விரதம்?" பேச்சியம்மாள் அத்தை தன் நேர்த்திக்கடனைத் தையிலேயே முடித்துவிட்டதால் அவர்கள் வீட்டில் தினமும் கருவாட்டு வாசம்தான். அத்தையைக் கூப்பிட்டு, மாரியாத்தா படத்துக்கு முன்னால் கையில் மஞ்சள் தண்ணீர் வார்த்து, "மதினி, தொட்டியும் அதுல இருக்குற உசுரும் இன்னையிலருந்து உங்களுது" என்றாள்.

"எனக்கு எதுக்குடி இது?"

"சும்மா வாங்கிக்கோங்க மதினி. தீனி மட்டும் போடுங்க."

அன்றிலிருந்து அத்தை மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, நான் சொல்லச் சொல்ல, முட்டையும் கருவாட்டுத் தூளும் தூவுகிறார்கள். மிச்ச முட்டைகளை, வேலைக்குப் போவதா வேண்டாமா என்று மூன்று வருஷமாக யோசித்துவரும் அத்தை மகன் மொக்கைச்சாமி அண்ணன் கவனித்துக்கொள்கிறார்.

நேற்று ஒருத்தனைப் பிடித்து, அம்மா பார்க்காத நேரத்தில் அந்தத் தீப்பெட்டியோடு சேர்த்து அளந்தேன். மீசையை விடுங்கள் மாமா, மூக்கே பெட்டியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது! ஜெயித்துவிட்டோம்! பட்டு வேட்டி எடுத்துவிடுங்கள். செல்வலட்சுமி அக்காவை அத்தை என்று கூப்பிட நான் கண்ணாடி முன்னால் பழகிக்கொண்டிருக்கிறேன். சரவெடி அப்பா பொறுப்பு. சின்னவள் பெரியவரை வாழ்த்தக் கூடாது என்பதால், ஆத்தாளிடம் இரவல் வாங்கி அனுப்புகிறேன்: ஆயுளும் மீசையும் நீண்டு வாழ்வீராக. அம்மா உங்களை வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். அப்பா எதைச் சாப்பிட்டீர்கள் என்று விவரமாக எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
உங்கள் இறால்களின் வளர்ப்புத் தாய்,
ஓவியா

பி.கு: ஒட்டிய கவரைப் பிரித்திருக்கிறேன். மேலே பட்டு வேட்டி என்று இருக்கும் இடத்தை அடித்துவிடுங்கள். ஞாயிறு வரவேண்டிய சீனிச்சாமி இன்றைக்கே வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து அத்தை மதில் மேல் எட்டித் தீனி போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஊரான் வீட்டு இறாலக் காட்டியா எங்கிட்டப் பொண்ணு கேக்கீக? யாரு தொட்டி இது?" என்றார். "எங்க மாமா தொட்டி!" என்று நான் முந்தினேன். "நீ சும்மா இரு புள்ள. விரதம் இருக்கவுக சொல்லட்டும், அவுக பொய் சொல்ல மாட்டாக" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள், தன் மஞ்சள் சேலையைப் பார்த்தாள். "எந்தம்பி வளத்ததுதான் அண்ணாச்சி..." "அது கெடக்கட்டும். தொட்டி உங்களுதா, அவுகளுதா?" "அவுகளுதுதான்" என்று சொல்லிவிட்டாள் மாமா! பேச்சியம்மாள் அத்தை நொடி தாமதிக்கவில்லை. "எல்லாம் எம்மவன் மொக்கைச்சாமி கைப்பக்குவம் அண்ணாச்சி!" அண்ணனும் வாய் நிறைய முட்டையோடு வந்து தலையாட்டினார். சீனிச்சாமி ஒருத்தனைப் பிடித்து அளந்தார், சிரித்தார், ஞாயிற்றுக்கிழமை மொக்கைச்சாமி அண்ணன் ஜாதகத்தை வாங்க வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

கடிதம் கிடைத்ததும் பஸ் ஏறுங்கள். நம்பிக்கை மட்டும் விடாதீர்கள். அம்மாவின் விரதம் வெள்ளியோடு முடிகிறது. இப்போதே அடுப்படியில் நின்று, "தொட்டியா? நான் எப்ப மதினி குடுத்தேன்?" என்று உதட்டை மட்டும் அசைத்து ஒத்திகை பார்க்கிறாள். சத்தம் சனிக்கிழமை காலையில் வரும்.